காய்ச்சி வடித்த நீரில் ஓடிய ஒளியூக்கி கிணற்று நீரில் ஏன் படுத்துவிடுகிறது

ஒளியூக்கி என்பது ஒளி பட்டால் நீரிலுள்ள மாசை உடைக்கும் தூள். மாற்றியமைத்த ஒளியூக்கி பற்றிய கட்டுரை ஒன்று கைக்கு வந்தால், வரைபடங்களுக்குப் போகமுதல் செய்முறைப் பகுதியில் ஒரு விடயத்தைத் தேடுங்கள்: சாயத்தை எந்தத் தண்ணீரில் கரைத்தார்கள்? அநேகமாகக் காய்ச்சி வடித்த நீராகத்தான் இருக்கும். ஒரு மணித்தியாலத்தில் 95 வீதம் நிறம் போனது என்று முடிவில் எழுதியிருக்கும். அதே தூளை யாழ்ப்பாணத்து நீர்வேலியிலோ கோப்பாயிலோ ஒரு தோட்டக் கிணற்றில் அள்ளிய தண்ணீரில் போட்டுப் பார்த்தால் அந்த எண் வராது. தூளில் பிழை இல்லை. எங்கள் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் கிடந்து வருகிற தண்ணீர். இறுதி வருட ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுக்கிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அடிப்படை தெரிந்தவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். தைத்தேனியம் ஈரொட்சைட்டின் (சுருக்கமாகத் தைத்தேனியா) அனற்றேசு என்ற பளிங்கு வடிவத்துக்குச் சக்தி இடைவெளி 3.2 இலத்திரன் வோல்ற்று. 1240 ஐ அதால் பிரித்தால் கிட்டத்தட்ட 387 நனோமீற்றர். அதைவிடக் குறுகிய அலைநீளமுள்ள ஒளிதான் இலத்திரனைக் கிளப்பி, பின்னால் ஒரு துளையை விடும். துளை, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் நீரிலிருந்து, எதிர்ப்பட்டதையெல்லாம் வேகமாகத் தாக்கும் ஐதரொட்சில் மூலிகத்தை உண்டாக்கும். இலத்திரன் கரைந்த ஒட்சிசனோடு சேரும். சேதனப் பொருளை உடைப்பது இந்த இரண்டு வழியும்தான். சூரிய ஒளியில் புறஊதாப் பங்கு 4, 5 வீதம் மட்டும் என்பதால்தான் ‘மாற்றியமைத்தல்’ என்ற பேச்சே வந்தது. 1972 இல் புஜிஷிமாவும் ஹொண்டாவும் தைத்தேனியாவில் ஒளியால் நீரைப் பிரித்துக் காட்டினார்கள். 2001 இல் நைதரசன் சேர்த்த தைத்தேனியா கட்புல ஒளியிலும் வேலை செய்வதாக ஆசாஹி குழுவினர் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளுக்குக் கணக்கில்லை.

மாற்றியமைக்கும் வழிகளில், சாதாரண ஆய்வுகூடத்தில் செய்யக்கூடிய மூன்றைப் பார்ப்போம்.

மலிவானது யூரியாவோடு சுடுவது. தைத்தேனியாத் தூள் 2 கிராம், யூரியா 4 கிராம். கல்வத்தில் அரை மணித்தியாலம் நன்றாக அரைத்து, மூடியுள்ள பீங்கான் புடக்குகையில் இட்டு, நிமிடத்துக்கு 5 பாகை வீதம் ஏற்றி 400 பாகை செல்சியசில் 2 மணித்தியாலம். அமோனியா நன்றாகவே வெளியேறும். புகை இழுக்கும் அலுமாரிக்குள் அல்லாமல் இதைச் செய்யக்கூடாது. ஆறியபின் சுடுநீரால் பல தடவை கழுவி 80 பாகையில் உலர்த்த வேண்டும். மஞ்சள் நிறம் வந்துவிட்டது, ஆகவே நைதரசன் பளிங்குக்குள் போய்விட்டது என்று எழுதுவது மாணவர்கள் வழக்கமாக விழும் குழி. யூரியா சூட்டில் தன்னோடு தானே சேர்ந்து மெலமீன் வகைச் சேர்வைகளாகி, தூளின் மேற்பரப்பில் மஞ்சள் படையாகப் படியும். நிறம் அதிலிருந்தும் வரலாம். அகச்சிவப்பு நிறமாலையில் சென்ரிமீற்றருக்கு 810 என்ற அலையெண்ணுக்கு அருகே கூரான உச்சி தெரிந்தால் அது மேலே படிந்த படைதான். ஏற்கெனவே நன்றாகப் பளிங்கான பி25 போன்ற வணிகத் தூள் நைதரசனை இலகுவில் உள்ளே விடாது. புதிதாக வீழ்படிவாக்கிய, இன்னும் பளிங்காகாத கூழே இதற்குத் தோது.

அந்தக் கூழுக்கு தைத்தேனியம் ஐசோபுரொப்பொட்சைட்டு 10 மில்லிலீற்றரை 40 மில்லிலீற்றர் ஐசோபுரொப்பனோலில் கலந்து, அசற்றிக்கமிலம் 2 மில்லிலீற்றர் விட்டு, நன்றாகக் கலங்கிக்கொண்டிருக்கும் 100 மில்லிலீற்றர் நீருக்குள் சொட்டுச் சொட்டாக விடுவது. முழுதாக வந்தால் 2.7 கிராம் தைத்தேனியா கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு கதைக்க வேண்டாம். வாடைக் காற்றின் ஈரமே போதும், வாய்ப்பக்கம் வெள்ளையாகக் கட்டிபட்டு, அடுத்த தடவை அளக்கும் கனவளவு பொய்யாகும். யூரியா சேர்க்காமல் வெறும் கூழைச் சுடுவதென்றால் 450 பாகையோடு நிற்கட்டும். 600 ஐத் தாண்டினால் அனற்றேசு, ரூற்றைல் என்ற மற்றப் பளிங்கு வடிவமாக மாறத் தொடங்கும், துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி மேற்பரப்பும் குறையும்.

இரண்டாவது, வெள்ளி. ஒளியாலேயே படிய வைக்கலாம். ஒரு கிராம் தைத்தேனியாவுக்கு நிறைப்படி 1 வீத வெள்ளி வேண்டுமென்றால் 15.7 மில்லிகிராம் வெள்ளி நைத்திரேற்று தேவை. இவ்வளவு சின்ன நிறையைச் சாதாரண தராசில் நிறுப்பது சூதாட்டம். 0.157 கிராமை 100 மில்லிலீற்றரில் கரைத்து அதில் 10 மில்லிலீற்றர் எடுங்கள். அதோடு காய்ச்சி வடித்த நீர் 90, மெதனோல் 10 மில்லிலீற்றர் சேர்த்து, நைதரசன் வாயுவைக் குமிழவிட்டு ஒட்சிசனை வெளியேற்றி, புறஊதா விளக்கின்கீழ் ஒரு மணித்தியாலம் கலக்கினால் தூள் சாம்பல் அல்லது ஊதாக் கபிலமாகும். மெதனோல் துளைகளைப் பிடித்துக்கொள்ள, இலத்திரன்கள் வெள்ளியைத் தாழ்த்துகின்றன. இந்தப் படியில் குழாய்த்தண்ணீர் ஒரு துளி பட்டாலும் குளோரைட்டு வெள்ளியைப் பால்போல வீழ்த்திவிடும். கிணற்று நீரில் பாவிக்கும்போதும் இதே கதைதான்: வெள்ளியின் மேற்பரப்பு மெல்ல மெல்ல வெள்ளிக் குளோரைட்டாகிறது. கரையோரக் கிணற்று நீருக்கு வெள்ளியேற்றிய தூளை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மூன்றாவது காபன் நைத்திரைட்டு. யூரியாவை மூடிய புடக்குகையில் 550 பாகையில் 2 மணித்தியாலம் சுட்டால் இளமஞ்சள் பஞ்சுபோல வரும். இடைவெளி 2.7 இலத்திரன் வோல்ற்று, அதாவது 460 நனோமீற்றர் வரை ஒளியைப் பிடிக்கும். 10 கிராம் யூரியாவுக்கு அரைக் கிராம் அளவில்தான் தேறும், பதற வேண்டாம். மெலமீனில் தொடங்கினால் அதிகம் கிடைக்கும், ஆனால் மேற்பரப்பு குறைவு. ஒரு கிராம் தைத்தேனியாவுக்கு 0.1 தொடக்கம் 0.3 கிராம் வரை எதனோலில் கலந்து, செவியுணரா ஒலித்தொட்டியில் அரை மணித்தியாலம் வைத்து, உலர்த்தி, 350 பாகையில் ஒரு மணித்தியாலம் சுட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கிணற்று நீருக்கு இந்த மூன்றில் ஒன்றைத் தெரியச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். கரைந்து போகும் உலோகம் இதில் இல்லை.

இரும்பு சேர்ப்பதைப் பற்றி ஒரு வரி போதும்: அரை வீதத்துக்கு மேல் போனால் இரும்பு அயன்களே இலத்திரனும் துளையும் திரும்பச் சேரும் இடமாகிவிடும், ஊக்கி மந்தமாகும்.

இனித் தண்ணீர். நீர்வேலி, கோப்பாய் அடங்கிய வலிகாமத்துக் கிணறுகள் மயோசீன் காலச் சுண்ணக்கல்லிலிருந்து ஊறுகின்றன. இருகாபனேற்று, கல்சியம், கரையை அண்டினால் குளோரைட்டு, வெங்காயமும் புகையிலையும் செய்த நிலமென்றால் நைத்திரேற்று. இவற்றில் ஒளியூக்கிக்கு முதல் எதிரி இருகாபனேற்றுத்தான். ஒரு இலீற்றரில் 244 மில்லிகிராம், அதாவது 4 மில்லிமூல் இருகாபனேற்று இருக்கிறது என்று வையுங்கள். ஐதரொட்சில் மூலிகம் அதைத் தாக்கும் வீத மாறிலி 8.5 × 10⁶, 0.004 ஆல் பெருக்கினால் செக்கனுக்கு 3.4 × 10⁴. இப்போது மாசுக்கு உதாரணமாகப் பீனோல். மாறிலி 6.6 × 10⁹, மிகப் பெரிது. ஆனால் இலீற்றருக்கு 1 மில்லிகிராம் பீனோல் என்றால் செறிவு ஏறத்தாழ 1.06 × 10⁻⁵ மூல்தான். பெருக்கம் 7 × 10⁴. ஆகவே மூன்றில் ஒரு பங்கு மூலிகங்களை இருகாபனேற்று தின்றுவிடும். பீனோல் 0.1 மில்லிகிராமாகக் குறைந்தால் அதன் பங்கு 7 × 10³ ஆகிவிட, நூறு மூலிகங்களில் எண்பதுக்கு மேல் வீண். உண்மையான கிணற்று மாசு இந்த இரண்டாவது மட்டத்தில்தான் கிடக்கும். சாயச் சோதனை 10 மில்லிகிராமில் நடப்பதால் இந்த இழப்பு கண்ணில் படுவதே இல்லை. தூளின் மேற்பரப்பில் நடப்பது இந்த எளிய கணக்கைவிடச் சிக்கல்தான், என்றாலும் திசை மாறாது.

பீஎச் ஏறினால் இன்னும் மோசம். இருகாபனேற்று காபனேற்றாகும், அதை மூலிகம் நாற்பது மடங்குக்கு மேல் வேகமாகத் தாக்கும். இந்தத் தாக்கங்களில் பிறக்கும் காபனேற்று மூலிகம் முற்றாக வீணானதல்ல, அனிலீன் வகைகளையும் சில சாயங்களையும் அதுவும் உடைக்கும். ஆனால் அது ஆள்பார்த்துத்தான் வேலை செய்யும்.

‘அப்படியென்றால் அமிலம் விட்டு இருகாபனேற்றைப் போக்கினால் என்ன?’ போக்கலாம். மேலே சொன்ன தண்ணீருக்கு இலீற்றருக்கு 4 மில்லிலீற்றர் 1 மூலர் ஐதரோக்குளோரிக்கமிலம். கூரையில் இருக்கும் 1000 இலீற்றர் தாங்கிக்கு 4 இலீற்றர். கூடவே இலீற்றருக்கு 142 மில்லிகிராம் குளோரைட்டும் ஏறும். நடுநிலை நீரில் குளோரைட்டு பெரிய தொந்தரவில்லை: மூலிகத்தைப் பிடித்தாலும் உடனே விட்டுவிடும். அமில நீரில் விடாது, குளோரீன் மூலிகமாகி, குளோரீனேற்றிய பக்கப் பொருள்களையும் தரும். ஒரு வாசலை மூடப்போய் மற்ற வாசலைத் திறந்துவிட்ட கதை. கந்தக அமிலம் விட்டால் அந்தச் சிக்கல் இல்லை, பதிலாக 192 மில்லிகிராம் சல்பேற்று சேரும், அது தூளின் மேற்பரப்பில் இடம் பிடிக்கும்.

சோதனையை எப்படி வைப்பது? கிணற்று நீர் கிணற்றுக்குக் கிணறு, மாதத்துக்கு மாதம் மாறும், ஆழத்துக்கும் மாறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், கீழே உவர் என்பது ஊரறிந்தது. அதனால் முதலில் செயற்கைக் கிணற்று நீர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இலீற்றருக்குச் சோடியம் இருகாபனேற்று, அதுதான் அப்பச்சோடா, 0.336 கிராம், இருநீரேற்றிய கல்சியம் குளோரைட்டு 0.294, எழுநீரேற்றிய மகனீசியம் சல்பேற்று 0.246, சோடியம் நைத்திரேற்று 0.069. கல்சியத்தைத் தனியாகக் கரைத்து கடைசியில் சேர்க்க வேண்டும், அன்றே பாவிக்க வேண்டும். வன்மை 300, நைத்திரேற்று 50 மில்லிகிராம் என்று வரும். அந்த 50 தான் குடிநீருக்கான மேலெல்லையும். இதில் ஒரு தடவை, காய்ச்சி வடித்த நீரில் ஒரு தடவை, பிறகு உண்மைக் கிணற்று நீரில் ஒரு தடவை. மூன்றும் இருந்தால்தான் அந்த ஆய்வுக்கு ஒரு பொருள் உண்டு.

கிணற்று நீரின் இருகாபனேற்றை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 50 மில்லிலீற்றர் மாதிரி, மெதைல் செம்மஞ்சள் இரண்டு துளி, அளவியில் 0.02 மூலர் ஐதரோக்குளோரிக்கமிலம். முடிவுப் புள்ளிக்குப் போகும் ஒவ்வொரு மில்லிலீற்றர் அமிலமும் இலீற்றருக்கு 0.4 மில்லிமூல் இருகாபனேற்று. 10 மில்லிலீற்றர் போனால் மேலே கணக்குப் போட்ட அதே தண்ணீர்தான்.

தாக்கத்துக்கு 100 மில்லிலீற்றர் கரைசல், மெதிலீன் நீலம் இலீற்றருக்கு 10 மில்லிகிராம், ஊக்கி 0.05 கிராம். தூளைக் கூட்டிக் கூட்டிப் போடுவதில் பயனில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் முன்னால் நிற்கும் துணிக்கை பின்னால் நிற்பதற்கு ஒளியை மறைக்கும். முகவையை அலுமினியத் தாளால் சுற்றி 30 நிமிடம் இருட்டில் கலக்க வேண்டும். அதன் பின் அளக்கும் செறிவே தொடக்கச் செறிவு. காபன் நைத்திரைட்டு கலந்த தூள் சாயத்தை நிறையவே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இருட்டுப் படியைக் கணக்கில் எடுக்காதவர்கள் ஒட்டியதையெல்லாம் உடைந்தது என்று எழுதுகிறார்கள். சந்தேகமென்றால் முடிவில் தூளை எதனோலில் கழுவிப் பாருங்கள். எதனோல் நீலமானால் சாயம் எங்கும் போகவில்லை.

மாதிரியை 2 மில்லிலீற்றராக எடுத்தால் போதும், பெரிதாக எடுத்தால் கடைசியில் முகவையில் தண்ணீரே இராது. வடிதாளும் ஊசி வடியும் மெதிலீன் நீலத்தைப் பிடிப்பவை. மையநீக்கி இருந்தால் அதுவே நல்லது. 664 நனோமீற்றரில் அளக்கும்போது 10 மில்லிகிராம் கரைசல் அகத்துறிஞ்சல் 2 ஐத் தொடும், நேர்கோடு அங்கே வளையும். ஐந்து மடங்கு ஐதாக்கி அளவிடுங்கள். கூடவே 800 நனோமீற்றரிலும் ஒரு வாசிப்பு எடுங்கள். அங்கே மெதிலீன் நீலம் உறிஞ்சாது, வருவதெல்லாம் கலங்கல். கிணற்று நீரில் இது கட்டாயம். மீன்தொட்டிக் காற்றுப் பம்பைப் போட்டுக் குமிழவிட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறி, பீஎச் ஏறி, கல்சியம் காபனேற்று மெல்லிய வெள்ளைக் கலங்கலாக வரும். அதை மையநீக்கி முழுவதும் இறக்காது. 664 இல் எண் கூடுவதைப் பார்த்துவிட்டு ஊக்கி வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இன்னொரு பெரிய ஏமாற்று, ஒளி. ‘கட்புல ஒளியில் வேலை செய்கிறது’ என்று சொல்ல ஹலோஜன் விளக்கு மட்டும் காணாது, அதில் கொஞ்சம் புறஊதா இருக்கிறது. சோடியம் நைத்திரைற்று 69 கிராமை ஒரு இலீற்றரில் கரைத்து, அதை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் விளக்குக்கும் முகவைக்கும் நடுவில் வைத்தால் 400 நனோமீற்றருக்குக் கீழே வெட்டிவிடும். அது நஞ்சு, போத்தலில் பெயரெழுதி வையுங்கள். அதையும் செய்த பிறகு மெதிலீன் நீலம் நிறம் இழந்தால்கூட ஊக்கியின் திறமை என்று சொல்லிவிட முடியாது. சாயம் தானே கட்புல ஒளியை விழுங்கி, தன் இலத்திரனைத் தைத்தேனியாவுக்குத் தள்ளித் தானே சிதையும். நிறமற்ற மாசு எதற்கும் அந்த வழி கிடையாது. ஒட்சிசன் குறைந்தால் மெதிலீன் நீலம் தாழ்த்தப்பட்டு நிறமற்ற வடிவத்துக்கும் போகும். முகவையைத் திறந்து காற்றுப்படக் குலுக்கினால் நீலம் திரும்பி வந்து நிற்கும்.

ஆகவே நிறமற்ற ஒன்றைச் சோதியுங்கள், பீனோல் நல்லது. 4-அமினோஅன்ரிபைரீன் முறையில் சிவப்பாக்கி 510 நனோமீற்றரில் அளக்கலாம். அந்த முறைக்கு பீஎச் 10 வேண்டும், எங்கள் தண்ணீரில் பீஎச் 10 என்றால் சுண்ணாம்புக் கலங்கல். மாதிரியை முதலில் காய்ச்சி வடித்துத்தான் நிறமாக்க வேண்டும். மொத்தச் சேதனக் காபன் பார்க்க வசதி இருந்தால் அதுவே சிறந்தது, ஆனால் அமிலமிட்டு வாயு ஓட்டி இருகாபனேற்றை வெளியேற்றாவிட்டால் கருவி சுண்ணக்கல்லின் காபனையும் சேர்த்து எண்ணும். சீஓடீ, அதாவது இரசாயன ஒட்சிசன் தேவை, பார்ப்பவர்களுக்கு குளோரைட்டு வில்லன்: இருகுரோமேற்று அதையும் ஒட்சியேற்றும். இரசச் சல்பேற்றுப் போடாத சீஓடீ எண்ணை கரையோரக் கிணற்றுக்கு நான் ஏற்கமாட்டேன்.

ஒப்பீட்டுக்கு மாற்றாத பி25 ஐ அதே முகவையில், அதே விளக்கின்கீழ், அதே தண்ணீரில் ஓடவிட வேண்டும். வெறும் ஒளி, வெறும் இருட்டு இரண்டும் தனித்தனியே. மீள்பாவனைச் சோதனையில் ஒவ்வொரு கழுவலிலும் தூள் கொஞ்சம் போகும். நிறுத்துப் பார்க்காமல் ஐந்தாம் சுற்றில் செயற்றிறன் குறைந்தது என்று எழுதினால், குறைந்தது தூளா திறனா என்று யாருக்கும் தெரியாது.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனதிலிருந்து, ‘இந்தத் தூளைக் கிணற்றில் போட்டால் சரிவருமா’ என்ற கேள்வி ஓயவில்லை. சரிவராது. கிணற்றுக்குள் ஒளி இறங்காது. எண்ணெய்ப் படலம் தூளைப் பூசிவிடும். நனோத் தூளைத் திரும்ப எடுக்கவும் முடியாது. எண்ணெய் என்றால் முதலில் மேலே மிதப்பதை அள்ளுவது, பிறகு கிளர்வூட்டிய கரி. நைத்திரேற்றுக்கும் ஒளியூக்கி மருந்தல்ல. நைதரசனுள்ள பூச்சிநாசினியை முழுதாக உடைத்தால் கடைசியில் வருவதில் நைத்திரேற்றும் ஒன்று.

இந்த நுட்பம் உண்மையில் கைகொடுக்கும் இடம் ஆய்வுகூடச் சாயக் கழிவு. அது காய்ச்சி வடித்த நீரில்தான் கரைந்திருக்கிறது, இருகாபனேற்று இல்லை, செறிவும் தெரியும். மழைநீரில் சாயம் தோய்க்கும் சிறு பட்டறைக் கழிவும் அப்படித்தான். அதற்குத் தூளை மிதக்க விடாமல் தட்டில் ஒட்டிவிடலாம். 30க்கு 30 சென்ரிமீற்றர், மெருகிடாத களிமண் ஓடு ஒன்று. எதனோல் 50 மில்லிலீற்றரில் பி25 ஒரு கிராமைக் கலக்கி, மெல்லிய பூச்சாக மூன்று நாலு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின். தேவையானது சதுர சென்ரிமீற்றருக்கு 0.5 தொடக்கம் 1 மில்லிகிராம்; தடித்தால் உரியும். 450 பாகையில் ஒரு மணித்தியாலம் சுட வேண்டும். நைதரசனேற்றிய தூளென்றால் 400 ஐத் தாண்டாதீர்கள், நைதரசன் கழன்றுவிடும். யன்னல் கண்ணாடியில் பூசிச் சுட்டால் கண்ணாடியின் சோடியம் படலத்துக்குள் ஏறி ஊக்கியைக் கெடுக்கும். ஓட்டின் மேல் தண்ணீர் 2 சென்ரிமீற்றருக்கு மிஞ்சக்கூடாது, சின்னப் பம்பால் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். தூசிக்கு மூடி போடுவதென்றால் பொலிகாபனேற்றுத் தகடு வேண்டாம், புறஊதாவை அதுவே தடுத்துவிடும். மெல்லிய கண்ணாடி பரவாயில்லை.

சித்திரைப் பிறப்பையொட்டிச் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே நிற்கும், அந்த நாள்களில் எடுத்த வேகத்தை மார்கழியில் எதிர்பார்க்க முடியாது. இருந்தாலும் முகில் நாளிலும் வேலை நடக்கும், புறஊதாவில் பெரும் பங்கு சிதறிய ஒளியாகவே வருகிறது. நேரத்தைக் குறிக்காமல், புறஊதா அளவியால் சேர்ந்த சக்தியைக் குறித்து வைத்தால் இரண்டு பருவத்தையும் ஒப்பிடலாம்.

கிணற்று நீர் ஓடிய ஓட்டில் சில நாள்களில் வெண்படை தெரியும். 0.01 மூலர் ஐதரோக்குளோரிக்கமிலத்தில் பத்து நிமிடம் ஊறவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் அலசி, வெறும் நீரோடு அரை நாள் வெயிலில் வைத்தால் மேற்பரப்பு திரும்பவும் துலங்கும். தும்புக்கட்டையால் தேய்க்காதீர்கள், பூச்சு போய்விடும். உலர்ந்த தூளைக் கையாளும்போது மூக்குக்கு என்95 முகமூடி. சுவாசத்தில் போகும் தைத்தேனியாவைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் புற்றுநோய் தரக்கூடியவற்றின் 2பி பட்டியலில் வைத்திருக்கிறது. உரிந்த தூளைத் தொட்டியில் ஊற்றாமல் படியவிட்டு வடித்து, காயவைத்து, போத்தலில் சேர்த்து வையுங்கள். வெள்ளி ஏற்றியது தனிப் போத்தலில்.